எல்லாருக்கும் ஒரே ஊசி

ட்ரிப்பிள் நெகட்டிவ் மார்பகப் புற்றுநோயில் ஹார்மோன் மாத்திரையும் எடுபடாது, ஹெர்-2 ஊசியும் எடுபடாது. வெகுகாலம் கீமோதான் கதி. கீநோட்-522 ஆய்வு அதை மாற்றியது: அறுவைக்கு முன் கீமோவோடு 8 முறை பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு ஊசி, அறுவைக்குப் பின் அதுவே 9 முறை. ஐந்தாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 86.6 சதவீதம், கீமோ மட்டும் பெற்றவர்களில் 81.7. இந்த நோயில் கிட்டத்தட்ட ஐந்து சதவீதப் புள்ளி பெரிய லாபம். அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் அந்த 81.7-ஐ இன்னொரு முறை பாருங்கள். பெரும்பாலானோர் இந்த ஊசி இல்லாமலே பிழைத்திருப்பார்கள். ஊசி போட்டும் சிலர் இறந்தார்கள். பலன் யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. பரவிய நோயில் ஓரளவு வழிகாட்டும் பிடி-எல்1 பரிசோதனை, ஆரம்ப நோயில் கைவிட்டுவிடுகிறது.

மருந்து ஏன் சிலரிடம் தோற்கிறது? நோயெதிர்ப்பு செல்லான டி செல்லின் மேல் கட்டி போட்ட தடையைத்தான் இது நீக்குகிறது. சில கட்டிகளை நுண்ணோக்கியில் பார்த்தால் டி செல்கள் வெளிவிளிம்பு நார்த்திசுவிலேயே தேங்கி நிற்கும். உள்ளே ஒன்றுகூட இருக்காது. உள்ளே நுழையாத செல்லுக்குத் தடையை நீக்கி என்ன பயன்? வேறு சில கட்டிகள் தம்மை அடையாளம் காட்டும் புரதத்தையே மறைத்துவிடுகின்றன.

பக்கவிளைவு சிலருக்கு ஆயுளுக்கும் தொடரும். தைராய்டு கெடலாம். அட்ரீனல் சுரப்பி செயலிழந்தால் தீராத அசதி, தலைச்சுற்றல். 'கீமோ அசதிதான்' என்று வீட்டாரும், சமயத்தில் மருத்துவரும் விட்டுவிடுவார்கள். கீமோவிலேயே குணமாகியிருக்கக்கூடிய பெண்ணுக்கு இது வெறும் நஷ்டம்.

என் பெரிய ஆட்சேபம் அறுவைக்குப் பிந்தைய அந்த 9 டோஸ் மீதுதான். ஜெர்மனியின் கெபார்நுவோ ஆய்வில் இதே வகை மருந்தான துர்வலுமாப் அறுவைக்கு முன்பு மட்டுமே தரப்பட்டது. பின்பு ஒரு டோஸ்கூட இல்லை. அப்படியும் மூன்றாண்டில் நோய் திரும்பாதவர்கள், கீமோ மட்டும் பெற்றவர்களில் 77.2 சதவீதம், துர்வலுமாபும் பெற்றவர்களில் 85.6. 174 பேர் கொண்ட சிறிய ஆய்வுதான், முடிந்த முடிவல்ல. ஆனால் அறுவைக்குப் பிந்தைய டோஸ்களின் பங்கு என்ன என்பதைக் கீநோட்-522-இன் அமைப்பால் பிரித்துச் சொல்லவே முடியாது. கட்டி முழுதும் கரைந்தவர்களுக்கு அவை வேண்டுமா என்று இப்போது ஆப்டிமைஸ்-பிசிஆர் ஆய்வு கேட்கிறது. இந்தச் சிகிச்சையை அனுமதிக்கும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

கட்டி கரையாமல் மிஞ்சியவர்களின் நிலை இன்னும் விசித்திரம். 8 டோஸுக்கும் தப்பிய கட்டிக்கு மறுபடியும் அதே மருந்து. இத்தகையவர்களுக்கு உதவும் என்று 2017-லேயே ஒரு பெரிய ஆய்வு காட்டிய கேப்சிடபைன் மாத்திரைக்கோ, கீநோட்-522-இல் இடமே இல்லை. சொந்தக் காசில் லட்சக்கணக்கில் செலவழிக்கும் குடும்பத்திடம் மருத்துவர் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.