நடராஜனின் விலையும் ரசிகர்களின் கணக்கும்

ஐ.பி.எல். ஏலமும் வீரர் பரிமாற்றமும் சேலம், நாமக்கல் சமவெளியின் ரசிகர்களை இரட்டைப் பற்றில் நிறுத்துகின்றன. தமிழகத்தின் மற்ற பகுதிகளைப் போல இங்கும் பெரும்பாலோர் சென்னை சூப்பர் கிங்ஸ் பக்கம்தான். ஆனால் 2017 முதல் அவர்களுக்கு இன்னோர் அணியும் உண்டு. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் எங்கே ஆடுகிறாரோ, அதுவே அந்த அணி. முதலில் பஞ்சாப், பிறகு ஹைதராபாத், அதன்பின் டெல்லி. ஊர்ப்பற்று இங்கே ஆளைப் பின்தொடர்கிறது. அணியின் பெயர் அதற்கு ஒரு பொருட்டல்ல. ஏலத்தன்று எழும் மகிழ்ச்சியையும் கோபத்தையும் எடைபோட நடராஜனின் பயணமே நல்ல சான்று.

2017 பிப்ரவரி ஏலத்தில் அவருடைய அடிப்படை விலை 10 லட்சம் ரூபாய். கிங்ஸ் லெவன் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. விசைத்தறித் தொழிலாளியின் மகன், டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர், ஒரே நாளில் நாடறிந்த பெயரானார். அந்தப் பருவத்தில் அவருக்குக் கிடைத்தவை 6 ஆட்டங்கள், 2 விக்கெட்டுகள். மறு ஆண்டு சன்ரைசர்ஸ் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு வாங்கியபோது அது வீழ்ச்சியாகவே தெரிந்தது. 2018, 2019 இரு பருவங்களிலும் ஓர் ஆட்டம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. விலையை வைத்து மட்டும் தீர்ப்புச் சொன்னவர்கள் அவரை முடிந்துபோனவராகக் கருதியிருப்பார்கள்.

அந்த 40 லட்ச ரூபாய் பந்துவீச்சாளர்தான் 2020-இல் 16 விக்கெட் எடுத்தார். அபுதாபியில் ஏபி டிவில்லியர்சின் ஸ்டம்பை யார்க்கரால் சாய்த்தார். அங்கிருந்தே ஆஸ்திரேலியா சென்று, ஒரே பயணத்தில் மூன்று வகைப் போட்டிகளிலும் இந்தியாவுக்காக அறிமுகமான முதல் வீரரானார். 2021 ஜனவரியில் ஊர் அவரைச் சாரட்டு வண்டியில் ஏற்றி ஊர்வலமாக அழைத்துச் சென்றது. இதில் எதையும் எந்த ஏலத்தொகையும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஏலம் என்பது இந்தச் சமவெளிக்குப் புதிதல்ல. திருச்செங்கோடு கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் மஞ்சளும் பருத்தியும் எள்ளும் ஏலம் போகின்றன. அன்றைக்கு எத்தனை வியாபாரிகள் வந்தார்கள், அவர்களுக்கு எவ்வளவு தேவை என்பதைப் பொறுத்தே விலை ஏறி இறங்கும் என்பது அங்கே மூட்டை இறக்கும் விவசாயிக்கு நன்றாகத் தெரியும். ஐ.பி.எல். ஏலமும் அப்படித்தான் நடக்கிறது. ஓர் அணியின் கையிருப்பில் மிச்சம் எவ்வளவு, இடக்கை வேகப்பந்து வீச்சாளர்கள் பட்டியலில் எத்தனை பேர், வீரரின் பெயர் எந்தக் கட்டத்தில் வந்தது ஆகியவையே தொகையைத் தீர்மானிக்கின்றன. மஞ்சளுக்குத் தெரிந்த இந்த உண்மையை வீரருக்குப் பொருத்திப் பார்க்கத் தவறுவதுதான் ரசிகர்களின் முதல் குறை. ஏறிய விலையை அவர்கள் ஊருக்குக் கிடைத்த மரியாதையாகவும், இறங்கிய விலையை அவமானமாகவும் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் விலையை விட்டு வாய்ப்பைக் கேட்கும்போது இதே ரசிகர்களின் பார்வை கூர்மையாகிவிடுகிறது. 2024-இல் 19 விக்கெட் எடுத்த நடராஜனை, அந்த நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் டெல்லி கேபிடல்ஸ் 10.75 கோடிக்கு வாங்கியது. சேலமே கொண்டாடியது. 2025 பருவத்தில் அவர் ஆடியது இரண்டே ஆட்டங்கள். உடல்தகுதி, அணிச் சேர்க்கை என நிர்வாகத்துக்குக் காரணங்கள் இருந்திருக்கலாம். இருந்தாலும், ஆடவைக்காமல் உட்காரவைக்கவா இவ்வளவு பணம் என்ற கேள்வி வெறும் ஊர்ப்பாசமல்ல. முப்பதைக் கடந்த வேகப்பந்து வீச்சாளருக்கு ஒரு பருவம் என்பது பெரிய இழப்பு. பணத்தால் அதை ஈடுகட்ட முடியாது. இந்த எதிர்வினையின் ஆகச் சிறந்த பகுதி இந்தக் கேள்விதான்.

விசுவாசம் பற்றிய தீர்ப்புகளில் குழப்பம் அதிகம். ஏலத்தில் வீரர் தன் பெயரைக் கொடுப்பதோடு சரி. அணியை அவர் தேர்ந்தெடுப்பதில்லை. பரிமாற்றத்துக்கோ அவருடைய ஒப்புதல் வேண்டும். அணி மாறியவரைக் குறைசொல்லும் பேச்சில் இந்த வேறுபாடு காணாமல் போகிறது. 2025 நவம்பரில் ரவீந்திர ஜடேஜா ராஜஸ்தான் ராயல்ஸுக்குப் போக, சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார். 2012-இல் சென்னைக்கு வந்தவர், 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரு பந்துகளில் சிக்சரும் பவுண்டரியும் அடித்துக் கோப்பையைத் தந்தவர் ஜடேஜா. அவர் போனதற்கு வருந்துவது நியாயம். பழைய உழைப்பை நினைவில் வைத்திருக்க அணி நிர்வாகத்தின் கணக்கேட்டில் இடமில்லை, ரசிகர்களிடம்தான் இருக்கிறது. ஆனால் அந்த வருத்தம் புதிதாக வருபவர் மீது வெறுப்பாகத் திரும்பினால் அநீதியாகிவிடும். 2024 பருவத்துக்காக மும்பைக்குத் திரும்பிய ஹர்திக் பாண்டியாவுக்கு அதுதான் நேர்ந்தது. வான்கடேயில் சொந்த அணியின் ரசிகர்களே அவரைக் கூச்சலிட்டு இழிவுபடுத்தினார்கள். உலகக் கோப்பையை வென்று ஜூலையில் அவர் வந்தபோது அதே மைதானம் அவர் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது. இடையில் சில வாரங்களே ஓடியிருந்தன.

நடராஜனின் கதையைப் போலவே கபடியிலும் விலை ஏமாற்றியதுண்டு. 2022-இல் தமிழ் தலைவாஸ் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே அவர் காயமடைந்தார். எல்லாம் போயிற்று என்று ரசிகர்கள் சோர்ந்த அந்தப் பருவத்தில்தான், இளம் ரெய்டர் நரேந்தரின் துணையோடு அணி முதன்முறையாக அரையிறுதிக்குச் சென்றது.

இந்த எதிர்வினைகள் கிட்டத்தட்ட தொடாத இடம் ஒன்று உண்டு, அதுவும் வீட்டுக்கு அருகிலேயே. வாழப்பாடியில் 2020-இல் திறக்கப்பட்ட மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் நடக்கின்றன. சேலத்தின் பெயரில் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் அணி ஆடுகிறது. 2023 முதல் அந்தத் தொடரிலும் ஏலமே நடக்கிறது. 2025-இல் கோப்பை வென்ற திருப்பூர் தமிழன்ஸ் அணியில் இருந்தார் நடராஜன். டெல்லி அவரை வெளியே உட்காரவைத்ததற்காகக் கொதித்தவர்கள், சேலத்துக்காரர் சேலத்துக்கு ஆடாததைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை. அங்கே ஏலத்தொகை லட்சங்களில் நிற்பதும் தேசிய அளவில் ஒளிபரப்பின் வெளிச்சம் குறைவாக இருப்பதும் அதற்குக் காரணமாகலாம். ஆனால் சின்னப்பம்பட்டியிலோ ராசிபுரத்திலோ இன்று டென்னிஸ் பந்தில் யார்க்கர் பழகும் பையனின் பெயர் முதலில் வரப்போவது அந்தச் சிறிய ஏலப் பட்டியலில்தான். நடராஜனும் ஐ.பி.எல்லுக்குமுன் கவனம் பெற்றது 2016-இல் அதே தொடரில், திண்டுக்கல் அணிக்கு ஆடியபோதுதான்.