ஆயக்காரர் (விவிலியச் சொல்)

ஆயக்காரர் என்பது தமிழ் நற்செய்தி நூல்களில் வரும் பழஞ்சொல். ஆயம் என்றால் சுங்கம். ஆயத்துறை என்றால் சுங்கம் வாங்கும் இடம். கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'தெலோனேஸ்'.

ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பில் 'ஆயக்காரர்' என்றே உள்ளது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் அதை 'வரிதண்டுபவர்' என்று மாற்றியது. மாற்றத்திற்குக் காரணம் உண்டு. ஆயர் என்றால் மேய்ப்பர், கத்தோலிக்கர் வழக்கில் மறைமாவட்டத் தலைவர். ஆயக்காரரையும் அந்த வழியில் புரிந்துகொள்ளும் மாணவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் புதிய சொல்லிலும் ஒரு குறை உள்ளது. 'வரிதண்டுபவர்' என்றதும் மாதச் சம்பளம் வாங்கும் அலுவலர்தான் நினைவுக்கு வருகிறார். அவரை ஏன் பாவிகளோடு சேர்த்துச் சொன்னார்கள் என்பது விளங்குவதில்லை. தெலோனேஸ் சம்பளக்காரர் அல்லர். ஆட்சியாளருக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொண்டு, வசூல் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர், அல்லது அவரிடம் வேலை செய்தவர். வெள்ளகோவில் வட்டாரத்தில் வாரச்சந்தைச் சுங்கத்தை ஏலம் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஏலத்தொகைக்கு மேல் வருவதெல்லாம் எடுத்தவருக்கே.

ஆகவே 'சுங்கக் குத்தகைக்காரர்' என்பதே மூலத்துக்கு நெருக்கமான சொல் எனலாம். கட்டளையிட்டதற்கு மிஞ்சி வாங்காதீர்கள் என்று யோவான் இவர்களிடம் சொல்வதும் (லூக்கா 3), அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாக எரிகோவில் சகேயு சொல்வதும் (லூக்கா 19) அப்போதுதான் பொருள்படும்.