ஓர் எழுத்தில் ஒரு நோக்கம்

ஜொகூரின் கூலாய் வட்டாரத்தில், செடெனாக் பக்கம் தரவு மையங்கள் வரிசையாக எழும்பிக்கொண்டிருக்கின்றன. இத்தகைய இடங்களில் சேரும் கோப்புகள் எல்லாம் ஏதோவொரு நிரலின் ஒரு வரியில் பிறந்தவைதான். அந்த வரியில் ரசிக்க நிறையவே உண்டு.

பைத்தான் மொழியில் கோப்பைத் திறக்கும் வேலையைச் செய்வது 'ஓப்பன்'. கோப்பின் பெயரோடு ஓர் எழுத்தையும் கொடுக்கலாம். 'ஆர்' என்றால் படிக்க மட்டும். 'ஏ' என்றால் கடைசியில் சேர்க்க. 'டபிள்யூ' என்றால் புதிதாக எழுத. எழுத்தே தராவிட்டால், படிக்க மட்டும் என்று எடுத்துக்கொள்ளும். குடிநுழைவு அதிகாரி கடப்பிதழை வாங்கும்போதே வந்த காரியத்தைக் கேட்பதுபோல, கோப்பைத் தொடும் முன்பே நோக்கத்தைக் கேட்டுவிடுகிறது மொழி. அழகு அங்கேதான்.

'டபிள்யூ' கொஞ்சம் முரட்டு ஆசாமி. கோப்பு இல்லையென்றால் உருவாக்கும். இருந்தால், எதையும் எழுதும் முன்பே பழையதைத் துடைத்துவிடும். இதற்கு மாற்றாக 2012இல் பைத்தான் 3.3 கொண்டுவந்தது 'எக்ஸ்'. அதே பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால், பிழை சொல்லி நின்றுவிடும். இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுப் பிறகு உருவாக்கினால், அந்த இடைவெளியில் வேறொரு நிரல் நுழைந்துவிடலாம். 'எக்ஸ்' இரண்டையும் ஒரே மூச்சில் முடிக்கிறது.

1987இல் லாரி வால் வெளியிட்ட பெர்ல் மொழியில் தொடக்கத்தில் இந்தத் தெளிவு இல்லை. நோக்கத்தைக் காட்டும் குறியும் பெயரும் ஒரே சரத்தில் ஒட்டியிருந்தன. பயனர் தரும் பெயரின் முன்னால் ஓர் அம்புக்குறி இருந்தால், படிக்கத் திறந்த கோப்பு அழிந்துபோகும். கடைசியில் ஒரு செங்குத்துக் கோடு இருந்தால், பெயர் கட்டளையாகவே மாறி இயங்கிவிடும்! 2000இல் வந்த 5.6 பதிப்பு நோக்கத்தைத் தனியாகவும் பெயரைத் தனியாகவும் வாங்கத் தொடங்கியது.

தமிழிலேயே நிரல் எழுத முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழியிலும் இந்த வரிசை உண்டு: கோப்பை_திற, கோப்பை_படி, கோப்பை_எழுது, கோப்பை_மூடு. எழில் இயங்குவது பைத்தானின் மேல். மூட மறப்பது எந்த மொழியிலும் நடக்கும். எழுதியதில் ஒரு பகுதி நினைவகத்திலேயே தங்கி, வட்டுக்குப் போகாமல் போகலாம். 2006இல் பைத்தான் 2.5 தந்த 'வித்' இந்தக் கவலையைத் தீர்த்தது. நடுவில் பிழை வந்தாலும் கோப்பை அதுவே மூடிவிடும்.

தமிழ் எழுதும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: எழுத்துக் குறியாக்கம். பைத்தான் 3இன் பல பதிப்புகள், விண்டோசில் குறியாக்கத்தைக் குறிப்பிடாவிட்டால், கணினியின் மண்டல அமைப்பைப் பின்பற்றும். அது மேற்கத்திய எழுத்துகளுக்கானதாக இருந்தால் 'ஜொகூர்' என்று எழுதும் வரியில் நிரல் பிழை காட்டி நிற்கும். 'டபிள்யூ' அதற்குள் தன் வேலையை முடித்திருக்கும்; கோப்பில் மிஞ்சுவது 0 பைட்.

குறியாக்கம் யூ.டி.எஃப்-8 என்று குறிப்பிட்டால் எழுதிவிடும். கண்ணுக்கு மூன்று எழுத்தாகத் தெரியும் 'ஜொகூர்', ஒருங்குறியில் 6 குறியீடுகள். ஒன்றுக்கு 3 பைட் வீதம் 18 பைட். ஆனால் 'ஜொ'வின் ஒகரக் குறியை ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் பதியலாம். அப்போது 21 பைட். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இருக்காது.

கோப்பின் பெயரே 'ஜொகூர்' என்றால் வேடிக்கை கூடும். லினக்ஸில் பெரும்பாலான கோப்பு முறைமைகள் பெயரை வெறும் பைட்டுகளாகவே பார்ப்பதால், ஒரே அடைவில் இரண்டு 'ஜொகூர்' அருகருகே உட்கார்ந்திருக்கும். காவலுக்கு வைத்த 'எக்ஸ்'கூட இரண்டாவதைத் தடுக்காது. அதனால் தமிழ்ப் பெயர்களைக் கையாளும் நிரலர்கள், பைத்தானோடு வரும் 'யூனிகோட்டேட்டா'வின் 'நார்மலைஸ்' கொண்டு பெயரை ஒரே வடிவுக்குக் கொண்டுவந்த பிறகே 'ஓப்பன்' பக்கம் போகிறார்கள்.