தோங்மே ஏன் சாகணும்?

கொரிய நாடகத்தைப் பத்தியெல்லாம் தலித் பத்திரிகையில எதுக்கு எழுதணும் என்று ஒரு தோழர் கேட்டார். உத்திரமேரூர்ப் பக்கம் காலனிப் பிள்ளைகள் என்ன பார்க்கிறார்கள் என்று தெரியாதவர்தான் இப்படிக் கேட்பார். 2013-ல் வந்த புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழ்க் குரலில் போட்டபோதே இது ஆரம்பித்துவிட்டது. இப்போது கைப்பேசி. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வண்டியில் விடியலில் ஏறுகிற பெண்கள் போகும்போதும் வரும்போதும் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை. இவன் ஏன் அப்படிச் செஞ்சான், அவ ஏன் இவன நம்புனா என்று சண்டை போடுகிறார்கள். நம்முடைய நாவல் விமர்சனக் கூட்டங்களைவிட அந்தச் சண்டையில் உயிர் இருக்கிறது.

'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' (2009) தொடரின் நாயகி சலவைக்கடைக்காரர் மகள். பணக்காரப் பையன் அவள் பின்னால் அலைகிறான். கொரியாக்காரனுக்கு அது ஏழை, பணக்காரன் கதை. எங்கள் தெருவில் ஒரு ஆயா பார்த்துவிட்டுக் கேட்டது: "அந்தப் பொண்ணு வண்ணார் வூட்டுப் பொண்ணாடி?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்கென்னவோ ஆயா கேட்டது தப்பாகப் படவில்லை. தொழிலைச் சொன்னால் பிறப்பைத் தேடு என்று இந்த மண் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. கொரியாவிலும் அப்படித் தேடவேண்டிய கதை உண்டு.

'மிஸ்டர் சன்ஷைன்' (2018), கிம் உன்சூக் எழுதியது, 24 பகுதி. ஜப்பான் கொரியாவை விழுங்குகிற காலம். யூஜின் சோய் அடிமையின் மகன். அப்பனை ஆண்டை அடித்துக் கொல்ல, ஆத்தாள் கிணற்றில் விழுந்து சாக, தப்பி ஓடி அமெரிக்கக் கப்பலேறிய சிறுவன், பிறகு அமெரிக்கப் படை அதிகாரியாகத் திரும்பி வருகிறான். கு தோங்மே பேக்ஜோங், அதாவது மாடறுக்கிற சாதி. ஊருக்கு வெளியே இருத்தப்பட்டவர்கள். சிறுவனாக அடிபட்டுக் கிடந்தவனைக் கோ ஏஷின் என்கிற மேல்குலத்துச் சிறுமி தன் பல்லக்கில் ஒளித்துவைத்துக் காப்பாற்றுகிறாள். எல்லா உயிரும் மேலானது என்று பாடமும் சொல்கிறாள். பையன் நன்றி சொல்லவில்லை. சொகுசில் வளர்ந்தவளே என்று திட்டிவிட்டு, அவள் பாவாடையில் தன் ரத்தத்தைத் துடைக்கிறான். தொடரிலேயே எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

வளர்ந்து, ஜப்பானியக் கூலிப்படையின் வாளோடு வந்தவன், கடைசிவரை அவளையே சுற்றுகிறான். அவள் தரவேண்டிய கடனை மொத்தமாக வாங்க மறுத்து, மாதம் ஒரு காசு கொண்டுவந்து கொடு என்கிறான். அங்கேதான் எங்கள் வண்டியில் சண்டை. ஒரு பெண் சொன்னது: "காலம் பூரா அவளப் பாக்கணும்னு ஆசை, அவ்ளோதான்." இன்னொருத்தி விடவில்லை: "போடி. கடன் குடுத்தவன் நம்ம ஆளு, கட்றவ மேல்சாதி. மாசாமாசம் அவ நடந்து வரணும். எங்க தாத்தன் முன்பணம் வாங்கிட்டு அரிசி மில்லுல கெடந்தாரு. அதத் திருப்பிப் போட்டிருக்கான்டி அவன்." காட்சியை எழுதியவருக்கு இது தோன்றியிருக்குமா என்று தெரியாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்த பிறகும் முன்பணத்தில் கட்டுண்டு கிடந்த குடும்பத்துப் பெண்ணுக்குத் தோன்றுகிறது. பிரதி அவள் கையில் வேறொன்றாகிவிட்டது.

ஆனால் நாடகம் அவனை அங்கே நிற்க விடுவதில்லை. தோங்மே அவளுக்காகவே ஜப்பானியக் கூலிப்படைக்காரர்கள் கையில் சாகிறான். யூஜின் ஓடும் ரயிலில், அவள் இருக்கிற பெட்டி தப்பிப் போகட்டும் என்று இணைப்பைச் சுட்டு அறுத்துவிட்டுச் சாகிறான். மேல்குலத்து ஹீசங்கும் சாகிறானே என்பார்கள். ஆமாம், சாகிறான். ஆனால் அவனுக்கு ஒரு வரலாறு கொடுத்திருக்கிறார்கள். யூஜினின் பெற்றோரைச் சாகடித்த வீட்டின் பேரன் அவன், தாத்தாவின் பாவம் அவனைத் துரத்துகிறது, பத்திரிகை நடத்துகிறான், அதற்காக உயிர்விடுகிறான். அடிமை மகனுக்கும் மாடறுப்பவன் மகனுக்கும் சாவதற்குக் காதல் ஒன்றுதான் காரணம். ஆண்டை மகளைக் காதலித்துத்தான் அவன் நாட்டுக்குள்ளேயே வரமுடியும் போல.

இத்தனைக்கும் யூஜின் ஒரு கேள்வி கேட்கிறான். நீ காப்பாற்றத் துடிக்கிற அந்த நாட்டில் யாரெல்லாம் வாழ்வார்கள், மாடறுக்கிறவன் வாழமுடியுமா, அடிமை வாழமுடியுமா என்று. அவளால் பதில் சொல்ல முடியவில்லை. 1931-ல் பம்பாயில் காந்தியின் முகத்துக்கு நேரே தனக்குத் தாய்நாடு இல்லை என்று அம்பேத்கர் சொன்னதும் இந்தக் கேள்விதான். உத்திரமேரூர்க்காரர்கள் நாம் இதைத் தினமும் கேட்கலாம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து (919, 921) குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. சனநாயகத்தின் தொட்டில் என்று அதைக் காட்டாத ஆளில்லை. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் அதைப் பேசினார். கல்வெட்டைப் படித்துப் பாருங்கள். கால்வேலிக்கு மேல் இறைநிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது, வேதப் பயிற்சி. இதெல்லாம் இருந்தால்தான் குடத்தில் உன் ஓலை விழும். அந்த நிலத்தில் நடவு நட்டவள் பேர் குடத்தில் கிடையாது.

கேள்வி கேட்ட வாயை நாடகம் காதலால் அடைத்துவிடுகிறது என்பது என் குற்றச்சாட்டு. கொரியாவின் நிஜமான பேக்ஜோங்குகள் அப்படி அடங்கவில்லை. 1894-ல் சட்டத்தில் இழிவு நீங்கியது, தெருவில் நீங்கவில்லை. 1898-ல் சியோலில் மக்கள் கூடிய பெருங்கூட்டத்தில் பாக் சங்சுன் என்கிற பேக்ஜோங் மேடையேறிப் பேசினார். அவர் மகன் பாக் ஸோயாங் 1908-ல் மேற்கத்திய மருத்துவம் படித்துத் தேறிய ஏழு பேரில் ஒருவர். பிறகு மஞ்சூரியா போய்ப் பள்ளியும் மருத்துவமனையும் நடத்தினார், விடுதலைப் படைக்கும் வைத்தியம் பார்த்தார். நாட்டுக்காக உழைத்தார்தான், ஆனால் எந்தப் பல்லக்கின் பின்னாலும் போகவில்லை. 1923-ல் ஜின்ஜு நகரில் ஹ்யோங்பியோங்சா என்று சங்கம் கட்டினார்கள். பேரிலேயே கறி நிறுக்கிற தராசு இருக்கிறது. இழிசொல்லை விடு, எங்கள் பிள்ளையைப் பள்ளியில் சேர் என்றார்கள். ஊர்க்காரர்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள், இனி இவர்களிடம் கறி வாங்கமாட்டோம் என்றார்கள். நம் ஊரில் கடை அடைத்து, கூலி மறுத்து, பாதை மறித்த கதைதான்.

இதையெல்லாம் வண்டியில் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். பேக்ஜோங் மகன் டாக்டராகிற கதை 'ஜேஜுங்வொன்' என்று 2010-லேயே தொடராக வந்திருக்கிறது, அதைத் தேடிப் பார்க்கிறோம் என்றார்கள். முன்பணக் கதை சொன்ன பெண் மட்டும் இறங்கும்போது திரும்பினாள்: "நீங்க சொல்றதெல்லாம் சரிதாங்க. அவன் செத்தது தப்புதான். ஆனா காசு கேட்டான் பாருங்க, அது தப்பில்ல."