மோட்டார் கொட்டகையின் முள்

ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் எந்த மோட்டார் கொட்டகைக்குள் நுழைந்தாலும் சுவரில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதுதான் பேனல் போர்டு. பச்சை பட்டன், சிவப்பு பட்டன், மூன்று பேஸ் விளக்குகள், அவற்றுக்கு மேலே இரண்டு முள் மீட்டர்கள். ஒன்று வோல்ட் காட்டும், மற்றது ஆம்ப்ஸ் காட்டும். 1990 முதல் தமிழ்நாட்டில் விவசாய மோட்டாருக்குக் கரண்ட் இலவசம். ஆகவே யூனிட் எண்ணும் மீட்டர் இந்தக் கொட்டகைகளில் பெரும்பாலும் கிடையாது. வயலுக்கு வரும் மின்சாரத்தைப் பற்றிப் பேசுவதற்கு அங்கே இருப்பது இந்த இரண்டு முட்கள் மட்டும்தான். அதிலும் அம்மீட்டருக்குக் காசுக் கணக்கு தெரியாது. மோட்டாருக்கு இப்போது எவ்வளவு பாரம், போர்வெல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் அது சொல்லும். முந்நூறு அடிக்குக் கீழே கிடக்கும் நீர்மூழ்கி மோட்டாரை வேறு எந்த வழியில் பார்க்க முடியும்?

அந்த மீட்டரின் முகத்தைச் சற்று நின்று கவனித்தால் எண்கள் சம இடைவெளியில் இல்லை என்பது தெரியும். பூஜ்யத்துக்கு அருகே நெருக்கியடித்து நிற்கும், போகப்போக விரியும். அச்சுப் பிழை என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே ஒரு காயில், காயிலுக்குள் இரண்டு சிறிய இரும்புத் துண்டுகள். ஒன்று நிலையானது, இன்னொன்று முள்ளோடு சேர்ந்து திரும்புவது. கரண்ட் ஓடும்போது இரண்டும் ஒரே மாதிரி காந்தமாகி ஒன்றையொன்று தள்ளும். நொடிக்கு நூறு முறை கரண்டின் போக்கு புரண்டாலும் இரண்டும் சேர்ந்தே புரள்வதால் தள்ளுவது நிற்காது. கரண்ட் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் ஆரம்பத்தில் அந்த நெருக்கம். இவ்வளவு எளிய ஒரு யோசனை, தவிடும் தூசியும் பல்லியும் குடியிருக்கும் ஒரு பெட்டிக்குள் இருபது வருடம் உழைக்கிறது. எனக்கு இதில் தீராத மதிப்பு உண்டு.

நல்ல வயர்மேன் மீட்டர் வாங்கும்போதே வேலையைத் தொடங்கிவிடுகிறார். பத்து ஆம்ப்ஸ் இழுக்கும் மோட்டாருக்கு நூறு ஆம்ப்ஸ் மீட்டரை மாட்டினால் முள் அந்த நெருக்கடிக்குள்ளேயே கிடக்கும், ஒரு ஆம்ப்ஸ் கூடினாலும் குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஓடும் கரண்ட் விரிந்த பகுதியில் விழ வேண்டும். ஆனால் நேரடியாக ஸ்டார்ட் ஆகும் மோட்டார் முதல் நொடியில் ஆறு ஏழு மடங்கு இழுக்கும். அதற்காகவே மோட்டாருக்கென்று தனி ஸ்கேல் போட்ட மீட்டர்கள் உண்டு. வழக்கமான அளவு வரை விரிவாகப் போய், அதற்கு மேல் உள்ள பெரிய எண்களெல்லாம் கடைசி ஓரத்தில் ஒடுங்கி நிற்கும். பச்சை பட்டனை அழுத்தியதும் முள் அந்த ஓரத்துக்குப் பாய்ந்து, உடனே திரும்பித் தன் இடத்தில் வந்து உட்கார்வதைப் பார்க்க வேண்டும். ஓரத்திலேயே தயங்கி நின்றால் மோட்டார் சுற்றுப் பிடிக்கவில்லை என்று பொருள், கை சிவப்பு பட்டனுக்குப் போக வேண்டும்.

இனி இணைப்பு. அம்மீட்டரை ஓடும் பாதையில்தான் வைக்க வேண்டும். ஸ்டார்டருக்கு வரும் ஒரு பேஸ் வயரைப் பிரித்து, ஒரு முனையை மீட்டருக்குள் அனுப்பி மறுமுனையில் வெளியே எடுப்பார்கள். வோல்ட்மீட்டரைப் போல இரண்டு பேஸுக்குக் குறுக்கே மாட்டினால், மீட்டரின் காயிலில் தடை என்று கிட்டத்தட்ட எதுவும் இல்லாததால், அது நேரான ஷார்ட் சர்க்யூட். மீட்டர் வெடிக்கும், முகத்துக்கு நேரே தீப்பொறி பறக்கும். ஒரே அளவில், ஒரே வடிவத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு மீட்டர்களின் முதுகில் வேலை செய்கிறவர் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்!

தேர்ந்த கையின் வேலை வரிசை எங்கும் ஒன்றுதான். மெயின் சுவிட்சை இறக்குவது, பியூஸ் கேரியர் மூன்றையும் பிடுங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வது. அந்தப் பைதான் பூட்டு, வேறு யாரும் தெரியாமல் போட்டுவிட முடியாது. கரண்ட் இருக்கும் இடத்தில் டெஸ்டரை வைத்து அது எரிகிறதா என்று பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் மூன்று பேஸையும் தொட்டுப் பார்ப்பது. கெப்பாசிட்டர் இருந்தால் அது தன் சார்ஜை இறக்கச் சில நிமிடம் விடுவது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்காமல் காய்ந்த பலகை மேலோ ரப்பர் பாய் மேலோ நிற்பது. அதன் பிறகுதான் ஸ்குரூ டிரைவர். வயர் முனையைச் சீவி அப்படியே போல்ட்டில் சுற்றுவதில்லை. லக் போட்டு, இடுக்கியால் அழுத்தி, வாஷர் வைத்து இறுக்குவார். கரண்ட் முழுவதும் அந்த முடிச்சு வழியாகத்தான் போகிறது. தளர்ந்திருந்தால் சூடேறும், கருகும், ஒருநாள் அந்த பேஸ் மட்டும் அறுந்து மோட்டாரும் போகும். பிறகு வயர்களை ஒழுங்காகச் சீவி, நாற்று முடியைப் போலச் சேர்த்துக் கட்டி, கதவு திறந்து மூடும்போது இழுபடாதபடி கொஞ்சம் தளர்வு விட்டு வைப்பார். பேனலின் முன்பக்கத்தை எல்லோரும் பாராட்டலாம். வேலை தெரிந்தவர் பார்ப்பது கதவின் பின்பக்கத்தை.

இடம் தேர்வதிலும் நுட்பம் உண்டு. ஸ்டார்–டெல்டா ஸ்டார்டரில் மோட்டாருக்கு ஆறு வயர் போகும். அந்த ஆறில் ஒன்றில் மீட்டரை மாட்டினால், டெல்டாவில் ஓடும்போது லைன் கரண்டில் 58 சதவீதத்தைத்தான் அது காட்டும். இருபது ஆம்ப்ஸ் ஓடும்போது பதினொன்றரைக்குச் சற்று மேல் காட்டும். பார்ப்பவர் மோட்டார் சுகமாக ஓடுகிறது என்று நம்பிவிடுவார். கெப்பாசிட்டருக்கு முன்னால் மாட்டினால் ஓர் அளவு, பின்னால் மாட்டினால் சற்றுக் கூடுதல். இரண்டும் உண்மைதான். எது எங்கே எடுத்தது என்று தெரியாவிட்டால் இரண்டாலும் பயனில்லை.

பெரிய மோட்டார்களுக்கு முழுக் கரண்டையும் கதவு வரை இழுத்துவரக் கூடாது. அங்கே வருவது சிடி எனப்படும் கரண்ட் டிரான்ஸ்பார்மர். நடுவில் ஓட்டையுள்ள ஒரு வளையம். பேஸ் வயர் வெட்டப்படாமல் அந்த ஓட்டை வழியாகப் போகும். வளையத்தில் சுற்றிய காயிலிலிருந்து இரண்டு மெல்லிய வயர்கள் மீட்டருக்கு வரும். 50/5 என்று எழுதியிருந்தால் பேஸில் ஐம்பது ஓடும்போது மீட்டருக்கு ஐந்து. மீட்டரின் முகத்திலும் அதே 50/5 இருக்க வேண்டும். 100/5 மீட்டரை அவசரத்துக்கு மாட்டினால் எல்லாமே இரட்டிப்பாகத் தெரியும். கரண்ட் குறைவாக இருந்தால் பேஸ் வயரை வளையத்துக்குள் இரண்டு முறை நுழைத்து எடுப்பார்கள், 50/5 சிடி 25/5 ஆகிவிடும். ஒரு சுற்றில் கணக்கை மாற்றும் அந்த எளிமை ரசிக்க வேண்டியது.

சிடியைக் கையாள்வதில்தான் ஒரு வயர்மேனின் தரம் வெளிப்படும். பேஸில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த மெல்லிய வயர்களில் ஒன்றைக் கழற்றக் கூடாது. மீட்டர் வழியாகத் திரும்பும் கரண்ட்தான் வளையத்துக்குள் உள்ள காந்தத்தை அடக்கி வைத்திருக்கிறது. அந்தப் பாதை அறுந்தால் பேஸில் ஓடும் கரண்ட் முழுவதும் இரும்பைக் காந்தமாக்குவதில் இறங்கிவிடும். திறந்து கிடக்கும் அந்த முனைகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் எழும், பெரிய சிடியானால் ஆயிரக்கணக்கில். ஆகவே மீட்டரை மாற்றுவதற்கு முன் சிடியின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட வேண்டும். மற்ற எல்லா இடத்திலும் ஷார்ட் செய்வது ஆபத்து, திறந்து விடுவது பாதுகாப்பு. சிடியில் எல்லாம் தலைகீழ். மற்ற எல்லாச் சுற்றிலும் காவலாக நிற்கும் பியூஸ்கூட சிடியின் இந்தப் பக்கத்தில் போடக் கூடாது, அது எரிந்தால் சுற்று திறந்துவிடும். ஒரு முனையை எர்த்தோடு சேர்த்து வைப்பதும் கட்டாயம்.

“தம்பி, மெயின் இறங்கியிருந்தாலும் சரி, முதல்ல அந்த ரெண்டையும் சேர்த்து முறுக்கு. அப்புறம் மீட்டரைத் தொடு.”

“கரண்ட்தான் இல்லையே அண்ணே?”

“இன்னைக்கு இல்ல. கை பழகணும்ல.”

மேலஉளூர்ப் பக்கத்துக் கொட்டகை ஒன்றில் கேட்ட பேச்சு இது. பாடப்புத்தகம் அரைப் பக்கத்தில் சொல்வதை அந்த அண்ணன் இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.

முள்ளைப் படிப்பது தனி ரசனை. போரில் தண்ணீர் வற்றினால் பம்புக்குப் பாரம் குறையும், முள் சட்டென்று இறங்கும். மோட்டார் வெறுமனே சுற்றுகிறது, நிறுத்தாவிட்டால் புஷ் தேயும். காற்றை உறிஞ்சினால் முள் ஏறியிறங்கி ஆடும். டிஜிட்டல் மீட்டரில் இதே ஆட்டம் 9.8, 8.1, 9.3 என்று மாறிமாறி ஒளிரும் எண்களாகப் போய்விடும். முள்ளில் அது ஒரு அசைவாகவே தெரிகிறது, வரப்பில் நின்றபடியே கண்டுகொள்ளலாம். ஓடும்போது ஒரு பேஸ் போனால் மீதமுள்ள இரண்டில் கரண்ட் ஒன்றே முக்கால் மடங்கு வரை ஏறும். மீட்டர் மாட்டிய பேஸே போயிருந்தால் முள் பூஜ்யத்தில் கிடக்கும், மோட்டாரோ உறுமிக்கொண்டிருக்கும். பூஜ்யம் என்றால் ஆபத்தில்லை என்று கொள்ளக் கூடாத இடம் அது. அதற்குத்தான் மூன்று பேஸுக்கும் மாற்றிப் பார்க்கும் செலக்டர் சுவிட்ச்.

மூன்று பேஸிலும் கரண்ட் ஏறுக்குமாறாக இருந்தால் குற்றம் லைனிலா, மோட்டாரிலா? இதற்கு ஒரு அழகான சோதனை உண்டு. மெயினை இறக்கி, மோட்டாரின் மூன்று வயர்களையும் ஒவ்வொரு இடம் நகர்த்தி மாட்ட வேண்டும். முதலாவது இரண்டாவதன் இடத்துக்கு, இரண்டாவது மூன்றாவதற்கு, மூன்றாவது முதலாவதற்கு. மூன்றையும் சேர்த்து நகர்த்துவதால் சுற்றும் திசை மாறாது. மறுபடி ஓட்டிப் பார்த்தால், கூடுதல் கரண்ட் அதே லைனில் நின்றால் குற்றம் வெளியே, டிரான்ஸ்பார்மர் பக்கம். வயரோடு சேர்ந்து நகர்ந்தால் குற்றம் மோட்டாரிலோ கேபிளிலோ. குழாயை வெளியே இழுப்பது ஒரு நாள் கூலியும் ஆள்பலமும் கேட்கும் வேலை. மூன்று போல்ட்டுகளைக் கழற்றி மாட்டி அதைத் தவிர்க்க முடிகிறது.

கையில் டாங் டெஸ்டர் இருந்தால் எதையும் வெட்டாமல் அளக்கலாம். தாடையைத் திறந்து ஒற்றை வயரை மட்டும் கவ்வ வேண்டும். கேபிளை மொத்தமாகக் கவ்வினால் மூன்று பேஸும் ஒன்றையொன்று ரத்து செய்து பூஜ்யம் காட்டும். அந்தப் பூஜ்யமும் பயனுள்ளதுதான். மூன்றையும் சேர்த்துக் கவ்வும்போது ஏதாவது மீந்து நின்றால் அது எர்த்துக்கு ஒழுகும் கரண்ட், நனைந்த கேபிள் ஜாயின்ட்டின் முதல் அறிகுறி.

இப்போது பொறியியல் படித்த பிள்ளைகள் போனில் சேதி வரும் ஸ்டார்டர் செய்கிறார்கள், வரவேற்கிறேன். கரண்டை அளக்கும், கட்டைவிரல் அளவுள்ள ஏசிஎஸ்712 மாட்யூலை அதிகம் பார்க்கிறேன். கரண்ட் இல்லாதபோது 2.5 வோல்ட்டில் நிற்கும். முப்பது ஆம்ப்ஸ் வகையில் ஆம்ப்ஸுக்கு 66 மில்லிவோல்ட் வீதம் அதைச் சுற்றி மேலும் கீழும் ஆடும். ஒரே ஒரு முறை அளந்து எண்ணாக்கினால் ஒன்றும் தெரியாது, இருபது மில்லிசெகண்டின் மடங்குகளில் தொடர்ந்து அளந்து, நடுநிலையிலிருந்து விலகும் அளவுகளின் வர்க்கச் சராசரிக்கு வர்க்கமூலம் காண வேண்டும். 3.3 வோல்ட் மைக்ரோகண்ட்ரோலர் போர்டுக்கு அதை அப்படியே கொடுத்தால் போர்டு போய்விடும். சிப்புக்குள் காப்பு இருக்கிறது, உண்மை. ஆனால் பச்சைப் பலகையின் அடியில் ஈயம் வைத்த புள்ளிகளில் மெயின் கரண்ட் வெறுமையாக நிற்கிறது. மேசை மேல் திறந்து வைத்து 415 வோல்ட் கொடுப்பது உயிரோடு விளையாட்டு. கொட்டகைக்கு நான் விரும்புவது கவ்விக்கொள்ளும் சிறு சிடியைத்தான், பேஸ் வயரை வெட்ட வேண்டியதில்லை. அதிலும் ரெசிஸ்டரை முனைகளில் மாட்டிய பிறகே வயரைக் கவ்வ வேண்டும். பழைய சிடியின் விதி இதற்கும் உண்டு.

மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரியும். அதற்கு முன்பே போர்த் தண்ணீரில் குறுவைக்கு நாற்று விட்டவர்கள் முள்ளில் ஒன்றைக் கவனிப்பார்கள். கோடையில் நீர்மட்டம் இறங்கி, பம்பு உயரத் தூக்க வேண்டி வரும்போது தண்ணீரும் குறையும், ஆம்ப்ஸும் குறையும். வாய்க்காலில் தண்ணீர் ஓடி நிலத்தடி ஊறிய பிறகு பம்பு அதிகம் தள்ளும், முள் சற்று மேலே ஏறி நிற்கும். ஆனால் மாலையில் லோ வோல்டேஜ் ஆனாலும் முள் ஏறும். எனவே ஆம்ப்ஸை மட்டும் பார்த்து ஆறு வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பக்கத்து வோல்ட் முள் அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதற்கு ஒப்பிட ஒரு கணக்கு வேண்டும். புது மோட்டார் இறக்கிய அன்றே, தண்ணீர் சீராக விழத் தொடங்கிய பிறகு, பேனல் கதவின் உட்புறம் மார்க்கரால் எழுதி வைக்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள்: தேதி, மூன்று பேஸின் வோல்ட், மூன்று பேஸின் ஆம்ப்ஸ், எத்தனை குழாய் இறக்கியது, கெப்பாசிட்டர் சேர்ந்ததா இல்லையா. கெப்பாசிட்டரைப் பற்றிய அந்தக் கடைசிக் குறிப்பைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.