எழுத்தாணியின் பேரன்

என் மேசையில் ஒரு மரவில்லை கிடக்கிறது. மாமரம், இரண்டு விரல் அகலம், இரண்டு நூல் கனம், சாவி கோக்க ஓர் ஓட்டை. அதில் ‘கோவளம்’ என்று நான்கே எழுத்து, கருப்பட்டி நிறத்தில் எரித்து எழுதியது. இதே மாதிரி நூறு வில்லைகளை ஒரு காலைப்பொழுதில் போட்டு இறக்கியது, கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலையில் இருக்கும் ஒரு தச்சுப்பட்டறை. தகரக் கொட்டகை. முன்பக்கம் கட்டிலும் கதவும். பின்பக்கம் தச்சரின் மகன் ஓட்டும் லேசர் மிஷின்.

லேசர் வேலை என்றால் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. நானும் சுளித்தவன்தான். தெற்கே போனால் மாமல்லபுரம்; கல்லில் உளி விழும் ஓசை சாலை வரைக்கும் வரும். 2017இல் புவிசார் குறியீடு பெற்ற சிற்பங்கள் அவை. வடக்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. 1996இல் திறந்த அந்த வளாகத்தின் செட்டிநாட்டு வீட்டில் மரவேலையைப் பார்த்தபடி நின்று கால் வலித்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், கண்ணாடிக் குழாயில் அடைத்த வாயு மரத்தைச் சுடுவதைப் போய்க் கைவேலை என்று சொல்ல நாக்கு கூசியது.

உளியோடு ஒப்பிட்டதுதான் என் பிழை.

குழாயில் இருப்பது கரியமில வாயு, நைட்ரஜன், ஹீலியம் கலவை. 1964இல் பெல் ஆய்வுக்கூடத்தில் இந்த லேசரை உருவாக்கியவர் குமார் பட்டேல், மகாராஷ்டிரத்து பாராமதியில் பிறந்தவர். கதிர் கண்ணுக்குத் தெரியாது. மரத்தில் படும் இடத்தில் சின்னப் பொறி மட்டும் தெரியும். அந்தப் பொறி ‘க’ போடும், ‘வ’ போடும் என்று எதிர்பார்த்துக் குனிந்தால் ஏமாற்றம்தான். அதற்கு எழுத்தே தெரியாது. தறியில் நாடா ஓடுவதுபோல இடமும் வலமும் ஓடுகிறது. கறுப்பு வரவேண்டிய இடத்தில் சுடுகிறது, மற்ற இடத்தில் சும்மா கடக்கிறது. ‘கோவளம்’ என்பதன் நான்கு தலைகளும் ஒன்றாக முளைத்து, நான்கு பாதங்களும் ஒன்றாக முடிகின்றன.

மொத்த வேலையின் சூட்சுமமும் இந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது. எழுத்து 12 மில்லிமீட்டர் உயரம், வரிக்கு வரி 0.1 மில்லிமீட்டர் என்றால் 120 ஓட்டம். ஒவ்வொரு கோடியிலும் மிஷின் வேகம் குறைத்துத் திரும்ப வேண்டும். சின்ன வில்லையில் சுடும் நேரத்தைவிடத் திரும்பும் நேரமே அதிகம். பத்து வில்லையைத் தனித்தனியாகச் சுட்டால் 1,200 திருப்பம். ஒரே வரிசையில் அடுக்கினால் அதே 120. வயலில் நீளவாக்கில் ஏர் ஓட்டுகிறவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுக்குவதற்கு ஒரு ‘ஜிக்’ வேண்டும். எம்.டி.எஃப். பலகையில் வில்லை அளவுக்குக் குழிகள். அதையும் அதே மிஷின்தான் வெட்டித் தந்தது. அப்பா அளவு சொல்வது நூல் கணக்கில், அங்குலத்தில் எட்டில் ஒன்று. மகன் சொல்வது மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று. மே மாதம் மகன் கச்சிதமாக வெட்டிய ஜிக்கில் ஐப்பசி மழையில் ஒரு வில்லையும் இறங்கவில்லையாம். கடற்காற்றும் ஈரமும் குடித்து மரம் குறுக்குவாட்டில் ஊதிவிட்டது. நீளவாட்டில் அவ்வளவாக ஊதாது. “மரத்துக்கு மூச்சுவிட எடம் விடணும் சார், நான் அப்பவே சொன்னேன்” என்றார் அப்பா. மகன் சிரித்துக்கொண்டே உப்புத்தாளை எடுத்தான். இப்போதைய ஜிக்கில் குறுக்கே கால் நூல் இடைவெளி இருக்கிறது.

மரம் தேர்வதிலும் அப்பா சொல்தான் நடக்கிறது. பைன் மரத்தில் வளையங்களுக்கு நடுவே இருக்கும் மென்பகுதி ஆழமாக எரிந்து, வன்பகுதி வரப்பாக நிற்கும். எழுத்து படிக்கட்டு ஏறும். ஈட்டி மரம் ஏற்கெனவே கறுப்பு. அதில் எரித்தால் இருட்டில் எழுதிய கதை. மாமரம் வெளிறியது, நார் நெருக்கமானது. பி.வி.சி. பலகையை மட்டும் உள்ளேயே விடுவதில்லை. சுட்டால் அமிலப் புகை, நெஞ்சுக்கும் கேடு, மிஷினுக்கும் துரு.

இந்த மிஷினால் சாமி படமும் சுடலாம். சுவரில் ஒரு சரஸ்வதி மாட்டியிருந்தார்கள். மேடு பள்ளம் வரும்படி பலமுறை சுட்டது. எனக்குப் பிடிக்கவில்லை. கன்னம் இருக்கிறது, கன்னத்தில் சதை இல்லை. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர்க்காரர்கள் ஒரே மரக்கட்டையில் உளிகொண்டு இறக்கும் முகத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இது போட்டோவுக்குக் காய்ச்சல் வந்தது போலத்தான் தெரியும். 2020இல் அவர்கள் பெற்ற புவிசார் குறியீட்டை எந்தக் குழாயும் அசைக்காது. லேசர் உளியின் வாரிசு அல்ல, எழுத்தாணியின் பேரன். அதன் சொத்து எழுத்து.

அந்த எழுத்திலும் தமிழ் அதற்குத் தண்ணி காட்டும். முதலில் கணினியில் கொம்பு இடம் மாறி ‘கோ’ கலைந்து நிற்கும். அதைச் சரிக்கட்டினால், எழுத்தை ஊடுருவி வெட்டும் வேலைகளில் ‘க’வின் வயிறும் ‘ண’வின் சுழியும் பொத்தென்று கீழே விழுந்துவிடும். ‘ட’வுக்கும் ‘ப’வுக்கும் அந்தக் கவலை இல்லை. மூடிய வயிறுள்ள எழுத்துக்கெல்லாம் மெல்லிய பாலம் விட்டு வரைய வேண்டும். பையன் விட்டிருந்த பாலம், சொன்னால் தவிரக் கண்ணில் படாது. அங்கேதான் அவனுக்கு மனதுக்குள் ஒரு சபாஷ் போட்டேன்.

ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள். குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பார்கள். படிக்கிறவர் ‘ம’வா ‘ம்’மா என்று தானே தெரிந்துகொள்ள வேண்டும். பேரனுக்கும் தாத்தாவின் அந்தக் குணம் உண்டு. எழுத்து சிறுக்கச் சிறுக்கப் புள்ளி கரிப்பூச்சாகி மறையும். பையன் புள்ளியை மட்டும் தனியாகப் பெரிதாக்கி, எழுத்திலிருந்து ஒரு முடி தள்ளி வைக்கிறான். சுடுவதற்கு முன் மரத்தின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுகிறான். புகைக்கறை டேப்போடு போய்விடுகிறது.

வீட்டுக்குப் பெயர்ப்பலகை கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பெரிய எழுத்தைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள். உங்கள் பலகையின் மரத்துண்டிலேயே ஒரு மாதிரி சுட்டுத் தரச் சொல்லி, மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளியை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் இறங்கி ஏறினால் முன்பணம் கொடுங்கள்.