மேடைத் தமிழும் நமது கசட்டுகளும்

அரசியல் மேடையில் ஒருவர் செந்தமிழில் முழங்கினால், அது சங்ககாலம் தொட்டு வரும் மரபு என்றே நெடுநாள் நம்பியிருந்தேன். அமெரிக்க மானிடவியலாளர் பேர்னாட் பேட்டின் ஆய்வுகள் அந்த நம்பிக்கையைக் கலைத்துவிட்டன. மதுரைக் கூட்டங்களைக் கேட்டு அவர் எழுதிய ஆங்கில நூல் 2009 இல் வெளியானது. பெரியார் பேச்சு வழக்கிலேயே பேசினார். அடுக்குமொழியும் எதுகை மோனையுமாக மேடையேறிய தமிழோ அண்ணாதுரை, கருணாநிதி தலைமுறையின் ஆக்கம். பழமையின் கோலம் பூண்ட புதுமை அது என்பதே பேட்டின் வாதம்.

2016 இல் அவர் காலமானார். சக ஆய்வாளர்கள் தொகுத்து 2021 இல் வெளிவந்த அவரது அடுத்த நூல் யாழ்ப்பாணத்துக்கு வருகிறது. பீற்றர் பேர்சிவல் பாதிரியாருடன் பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1847 டிசம்பர் 31 இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். வடிவம் புரட்டஸ்தாந்தப் பாதிரிமாருடையது, பொருள் சைவம். சுதேசி இயக்கக் காலத்தில் அவ்வகைப் பேச்சு அரசியலுக்குள் புகுந்து, எழுத்தறியாதவரையும் 'பொதுமக்கள்' என்ற வட்டத்துக்குள் அழைத்தது என்கிறார் பேட்.

வாதம் வலுவானது. ஆயினும் இந்த வரலாற்றின் மையத்தில் பள்ளிவாசல் மிம்பர் இல்லை. ஸலாம் சொல்லி, அரபியில் இறைவனைப் புகழ்ந்து, பின் ஊர்ப்பேச்சுக்கு இறங்கிவரும் நமது மேடைத் தமிழ் செந்தமிழ் என்ற அளவுகோலுக்குள் அடங்குவதில்லை. கவிஞரும் சட்டத்தரணியுமான எம்.எச்.எம். அஷ்ரஃப் 2000 செப்டெம்பர் 16 இல் மறையும்வரை கிழக்கின் மேடைகளில் பேசிய பேச்சுகளை எந்த மரபில் வைத்து ஆராய்வது?

இதற்காகப் பேட்டைக் குறைகூற எனக்கு மனமில்லை. சுதேசிப் பேச்சுகள் பலவற்றை இன்று நாம் அறிவது பொலிஸ் குறிப்புகளால்தான். ஆள்வோர் அஞ்சி எழுதிவைத்தது ஆய்வாளருக்கு ஆவணமாயிற்று. நமது பேச்சுகளை நாமே எழுதிவைக்கவில்லை. என் அலுமாரியில் இருந்த தேர்தல் கூட்டக் கசட்டுகளில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. எஞ்சிய ஒன்றில், சனங்கள் தக்பீர் முழங்கும் இடத்தில் நாடா அறுந்திருக்கிறது. அதற்கு முன்னர் என்ன சொன்னார் என்பது கேட்கிறது. அதைக் கேட்டுச் சனங்கள் என்னவானார்கள் என்பது கேட்கவில்லை. பேட் தேடியதும் அதைத்தான்.

கசட்டு வைத்திருப்போர் இடம், திகதியுடன் அவற்றைப் பிரதியெடுத்து எழுத வேண்டும். பேச்சை மட்டுமல்ல, இடையில் எழும் முழக்கத்தையும் சேர்த்து. அதன் பிறகே நாம் விடுபட்டுப்போனோம் என்று முறையிடலாம்.